மூன்று பூட்டுப் போட்ட படகு

என் அண்ணன்கள் மூன்று பேருக்கும் தண்ணீரைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான். அதை டேங்கர் லாரியில் ஏற்றி அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு விற்கலாம். அதற்கு மேல் தண்ணீர் எங்கே ஏறும், எப்போது இறங்கும், எதைத் தூக்கும், எதை அமுக்கும் என்பதெல்லாம் அவர்கள் மண்டைக்குள் போனதே இல்லை. அப்படிப்பட்டவர்கள்தான் ஒரு படகு வாங்கினார்கள்.

எங்கள் ஊர் திருப்போரூருக்கு மேற்கே இருக்கிறது. கடல் காற்று எட்டிப் பார்க்காத இடம். நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம். நிலத்தில் பாதி மனையாகிப் போனதும் மூத்தவர் தண்ணீர் லாரி விட்டார், நடுவிலவர் மனைத் தரகுக்குப் போனார், சின்னவர் ஜேசிபி வாங்கி வாடகைக்கு விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு முட்டுக்காட்டுக்குப் போய் படகுச் சவாரிக்கு வரிசையில் நின்றிருக்கிறார்கள். சவாரி எப்படி இருந்தது என்று கேட்டேன். யாருக்கும் நினைவில்லை. வரிசை எவ்வளவு நீளம் என்பது மட்டும் மூன்று பேருக்கும் நினைவிருந்தது.

அடுத்த சில மாதங்களில் காயலின் கிழக்குக் கரையில் தெரிந்தவர் ஒருவரின் தோப்பை ஒட்டி ஒரு சிமெண்ட் துறை கட்டினார்கள். தூண் நிறுத்தி, மேலே பலகை போட்டு, கைப்பிடிக்கு எவர்சில்வர் குழாய் வைத்து, பார்ப்பதற்கு ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல்போல இருக்கும். நீல வண்ணம் அடித்த ஃபைபர் படகு வந்தது. அதன் பின்னால் ஒரு என்ஜின் வந்தது. அனுமதியெல்லாம் மூத்தவர் பார்த்துக்கொண்டார். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார்.

படகு ஓட்ட ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் அப்போது படூரில் ஒரு கல்லூரியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அதே கல்லூரியின் நூலகத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன். மூத்தவர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு காபி குடித்து, “எவ்ளோ நாளிக்கு மச்சான் அந்த வேனையே உருட்டிகினு இருப்ப? நம்ம போட்டு கீது. வந்து ஓட்டு” என்றார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வேன் வேலையை விட்டார். கோவளத்தில் ஒரு மீனவரோடு சேர்ந்து கடலிலும் காயலிலும் திரிந்து படகு ஓட்டக் கற்றுக்கொண்டார். வீட்டு வாடகையும் பெண்ணின் பள்ளிக் கட்டணமும் பாதிக்குமேல் அந்தப் படகின் தலையில் ஏறி உட்கார்ந்தன.

அவருக்குப் படகு பிடித்துப்போனது என்பதைச் சொல்லியாக வேண்டும். வேன் ஓட்டிய காலத்தில் வீட்டுக்கு வந்தால் முதுகு வலிக்கிறது என்பார், அதோடு பேச்சு முடிந்தது. படகுக்குப் போன பிறகு இன்றைக்கு நாரை வந்தது, இன்றைக்குத் தண்ணீர் பச்சையாக இருந்தது என்று சோறு ஆறிப்போகும்வரை பேசுவார். நாற்பது வயதில் ஒரு மனிதருக்கு வாய் முளைத்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஆனால் படகைக் கட்டுவது மட்டும் அவர் கையில் இல்லை. அது எங்கள் குடும்பத்தின் விவகாரம். எங்கள் வீட்டில் பொதுச் சொத்து என்றால் மூன்று பூட்டு. அப்பா காலமானதிலிருந்து அப்படித்தான். பொதுக் கிணற்றின் மோட்டார் கொட்டகைக்கு மூன்று பூட்டு, ஆளுக்கொரு சாவி. தண்ணீர் இறைக்க வேண்டுமென்றால் மூன்று பேரும் வந்து நிற்க வேண்டும். ஒரு கோடையில் மூன்று பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய், கொட்டகை பூட்டியே கிடந்து, மூன்று பேரின் கடலையும் ஒன்றாகக் காய்ந்தது. ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் நம்பிக்கையை இவர்கள் இப்படிப் பூட்டுக்கடையில் வாங்கி வந்து மாட்டுவார்கள்.

படகுக்கும் அதே முறை வந்தது. மூன்று சங்கிலிகள், லாரியில் பாரம் கட்டுகிற தடித்த சங்கிலிகள். முன்பக்கம் நடுவிலவருடையது, மத்தியில் சின்னவருடையது, என்ஜின் இருக்கும் பின்பக்கம் மூத்தவருடையது. சங்கிலியின் ஒரு முனை துறையின் தூணில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே பதித்த இரும்பு வளையத்தில். மேலே பலகையில் வளையம் வைத்தால் திருடனின் கைக்கு எட்டுமாம், தூணின் அடியில் வைத்தால் எட்டாதாம். மறுமுனை படகின் விளிம்பில் இருக்கும் வளையத்தில் பூட்டோடு. சனி, ஞாயிறு மட்டும்தான் சவாரி. இரண்டு நாளும் காலையில் மூன்று பேரும் மூன்று வண்டியில் வந்து ஆளுக்கொரு பூட்டைத் திறப்பார்கள். சாயங்காலம் மறுபடி வந்து பூட்டிவிட்டு, மற்ற இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். வருஷம் முழுக்கப் படகை ஓட்டுகிறவருக்கு ஒரு சாவியும் இல்லை. மாப்பிள்ளைக்கு எதற்குச் சாவி என்று பேச்சு வந்ததாம். அவர் அதையும் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னார்.

காயலில் மற்றவர்கள் படகு கட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நீளக் கயிறு, நிறையத் தொய்வு. தண்ணீர் ஏறினால் படகும் ஏறும், இறங்கினால் இறங்கும். சிமெண்ட் துறை ஏறவும் இறங்கவும் செய்யாது என்பது கண்ணால் பார்த்தாலே தெரிகிற விஷயம். என் வீட்டுக்காரர் கயிறு கேட்டார். கயிறு என்றால் எவனாவது கத்தியால் அறுத்துக்கொண்டு போய்விடுவான் என்றார்கள். உரசாமல் இருக்க லாரியின் பழைய டயர்களைத் தொங்கவிடலாமா என்று கேட்டார். பஞ்சர் கடை மாதிரி இருக்கும் என்றார் நடுவிலவர். அவர் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். அந்த ஒரு தடவையையும் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி சொல்வார்.

இதற்குப் பதிலாக என் அண்ணன்கள் படகைப் பாதுகாக்கச் செய்தவற்றைக் கேளுங்கள். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். படகின் மூக்கில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். துறையின் நுழைவில் நாக்கைத் தொங்கப் போட்ட திருஷ்டி பொம்மை. தென்னை மரத்தில் ஒரு கேமரா, கேமரா இருக்கிறது என்று சொல்ல ஒரு பலகை. கண்ணேறு படாது, திருடன் வரமாட்டான், தம்பி ஏமாற்றமாட்டான். கீழே ஓடுகிற தண்ணீரைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் கவலை இல்லை.

கார்த்திகை மாதம் மூத்தவர் மாலை போட்டார். மலைக்குக் கிளம்புகிற வாரத்தில் வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தது. மூன்று பேரும் காயலுக்கு ஓடினார்கள். லாரிக்காரர்களுக்குப் புயல் என்றாலும் மேடு பள்ளம் என்றாலும் வைத்தியம் ஒன்றுதான், இறுக்கிக் கட்டு. இருந்த கொஞ்சநஞ்சத் தொய்வையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு சங்கிலியையும் குறுக்கி, படகைத் துறையோடு ஒட்டவைத்துப் பூட்டினார்கள். மேலே தார்ப்பாய் போட்டார்கள். “தண்ணி ஏறும் மச்சான், கொஞ்சம் லூசா உடலாம்” என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூத்தவர் தன் பூட்டின் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு மலைக்கு பஸ் ஏறினார். பாரத்தையெல்லாம் சாமிமேல் போடுகிறவர், சாவியைத் தம்பிகளிடம் கொடுத்துவிட்டுப் போகமாட்டார்.

மழை ஆரம்பித்தது. படூரில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஏரிகள் நிரம்பி, வழிகிறதெல்லாம் கால்வாயில் இறங்கி, காயலுக்கு வந்துகொண்டிருந்தது. முகத்துவாரத்தில் கடல் பொங்கிக்கொண்டு, வருகிற தண்ணீரை வெளியே விடாமல் முட்டி நின்றது. கல்லூரிக்கு விடுமுறை. மழை சற்று விட்ட ஒரு காலையில் என் வீட்டுக்காரர் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். கேளம்பாக்கத்தில் சுற்றி, மேடு பார்த்து மேடு பார்த்து, கோவளம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

தூணில் இருந்த வளையங்கள் தண்ணீருக்குள் போய்விட்டன. படகு மேலே வரப் பார்க்கிறது, மூன்று சங்கிலியும் கீழே இழுத்துப் பிடித்திருக்கின்றன. துறைப் பக்கத்து விளிம்பு அமுங்கி, மறுபக்கம் தூக்கி, படகு ஒருக்களித்துக் கிடந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. தார்ப்பாயில் தேங்கிய மழையெல்லாம் உள்ளே கொட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் விட்டுவிட்டு வந்த வேன் எனக்கு ஞாபகம் வந்தது. அதை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார்.

யாரைத் திட்டுவது என்று தெரியாமல், பக்கத்தில் நின்றவரைத் திட்டினேன். கயிறு வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்கத் துப்பில்லையா என்றேன். கேட்டேனே என்றார். கேட்டது எனக்குத் தெரியும். அதற்காகத் திட்டாமல் இருக்க முடியுமா?

நடுவிலவருக்கும் சின்னவருக்கும் போன் போட்டேன். இருவரும் ஒரே காரில் வந்தார்கள். அவர்கள் ஒரே காரில் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். படகைப் பார்த்ததும் நடுவிலவர் முதலில் கேட்டது, பூட்டெல்லாம் இருக்கிறதா என்று. பிறகு பலகையில் குப்புறப் படுத்து, கையை நீட்டி, தன் பூட்டைத் திறந்தார். சின்னவர் தன்னுடையதைத் திறந்தார். என் வீட்டுக்காரர், ஒவ்வொன்றாகத் திறக்காதீர்கள், பின்பக்கத்துக்கு வழி பண்ணிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துத் திறக்கலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு சங்கிலியும் தண்ணீருக்குள் விழுந்துவிட்டன.

முன்பக்கம் விடுபட்டுத் துள்ளி எழுந்தது. உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் அத்தனையும் பின்பக்கம் ஓடியது. அங்கே ஏற்கெனவே என்ஜின் கனம், மூத்தவர் பூட்டின் பிடி வேறு. படகின் பின்புறம் உட்கார ஆரம்பித்தது. அலை வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் காயல் உள்ளே வந்தது.

மூத்தவரைப் பிடிக்க நடுவிலவர் போன் போட்டார். எருமேலிக்கு முன்னால் எங்கேயோ பஸ்ஸில் இருந்தார். மாலை போட்டிருப்பவர் என்பதால் சொந்தத் தம்பியும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், அவரும் தம்பியை அப்படித்தான் கூப்பிடுவார். சாமி, போட்டு முழுகுது, உங்க பூட்டை ஒடச்சிரட்டுமா சாமி என்று கேட்டார். மூத்தவர் வீடியோவில் வரச் சொன்னார்.

“பூட்டைக் காட்டு சாமி.”

நடுவிலவர் மறுபடி குப்புறப் படுத்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் போனைப் பூட்டுக்கு நேராக நீட்டினார். சின்னவர் அவர் காலைப் பிடித்துக்கொண்டார். படகு முழுகிக்கொண்டிருக்கிறது, இரண்டு வளர்ந்த ஆண்கள் ஒரு பூட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்களோடு ஒரே வயிற்றில் பிறந்தேன் என்று நினைத்தபோது எனக்குக் கூசியது.

“நல்லாத்தானே கீது சாமி. ஒண்ணும் ஆவல. யாரும் தொடாதீங்க. நாளன்னிக்கு வந்து நானே தொறக்கறேன்.”

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. வண்டியின் பெட்டியிலிருந்து இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு, அவர் அதற்குள் இறங்கிவிட்டிருந்தார். மார்பளவு தண்ணீர். ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு முதலில் பூட்டின் கொக்கியை அறுத்துப் பார்த்தார். பிளேடு வழுக்கியது, கீறல்கூட விழவில்லை. பூட்டு வாங்குவதில் மூத்தவர் ஒருநாளும் சிக்கனம் பார்த்ததில்லை. சங்கிலியில் வைத்துப் பார்த்தார். அதுவும் அப்படித்தான். பிறகு பிளேடைப் படகின் விளிம்பில், வளையத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

பூட்டை அறுக்க முடியாது, சங்கிலியை அறுக்க முடியாது, படகை அறுக்கலாம். எனக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. ஃபைபர் வெள்ளைத் தூளாகத் தண்ணீரில் உதிர்ந்தது. அவர் அவசரப்படவில்லை. வளையத்தைச் சுற்றி ஒரு பக்கம் அறுத்து, நிறுத்தி மூச்சு வாங்கி, மறுபக்கம் அறுத்தார். தன் கையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த படகு. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சத்தம் போனில் கேட்டிருக்க வேண்டும். அதுவரை வார்த்தைக்கு வார்த்தை சாமி போட்டுக்கொண்டிருந்தவர், “டேய், இன்னாடா பண்றான் அவன்?” என்றார்.

ஒரு துண்டு பிய்ந்தது. சங்கிலியும் பூட்டும் வளையமும் அந்தத் துண்டோடு கீழே போயின. படகின் பின்புறம் குலுங்கி மேலே வந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே ஏறி, பெயிண்ட் டப்பாவால் தண்ணீரை வாரி வாரி இறைத்தார். நானும் ஏறி இறைத்தேன். என் அண்ணன்கள் துறையின்மேல் நின்று, அறுத்தது யாருடைய யோசனை என்று போனில் விளக்கிக்கொண்டிருந்தார்கள். இறைத்து முடித்ததும் நீளக் கயிறு போட்டு, எதிரும் புதிருமாக இரண்டு தென்னை மரத்தில் தொய்வு விட்டுக் கட்டினார். அன்றைக்குப் பகல் முழுவதும் தண்ணீர் ஏறியது. படகும் கூடவே ஏறியது.

மூத்தவர் மலையிலிருந்து வந்து, மாலையைக் கழற்றி, எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தனுப்பிவிட்டு, எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். புது வீட்டின் கூடம். வாங்கி வருஷமாகியும் சோபாவின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. அதில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு நாற்காலி போட்டார்கள். நான் அண்ணி கொடுத்த காபியோடு கதவோரம் நின்றேன்.

படகு மிதக்கிறது என்பதைப் பற்றி அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டு போட்ட இடத்தில் கை வைக்கலாமா என்பதுதான் பேச்சு. முழுகியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்டேன்.

“முழுகியிருந்தா அது தண்ணி பண்ண வேலை. தண்ணிய போயி யாரு கேப்பா?” என்றார் மூத்தவர். “அறுத்தது இவுரு. இவுரத்தான கேக்க முடியும்?”

தம்பிகள் இருவரும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் மூன்று பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அப்பா செத்தபிறகு அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. படகு அடியோடு போயிருந்தால் இதே ஆட்கள் என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். விதி என்று சொல்லி வேறு படகும் வாங்கியிருப்பார்கள், மூன்று புதுப் பூட்டோடு. காப்பாற்றியதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

கடைசியில் மூத்தவர் பெரிய மனது பண்ணினார். “தெரியாம பண்ணிட்டேன், தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிரு மச்சான். போட்ட ஒட்டிக்கலாம். சனிக்கெழம பழையபடி வந்து ஓட்டு” என்றார்.

ஒரு வார்த்தை. தலையாட்டினால்கூடப் போதும், வார்த்தையும் வேண்டாம். வாடகையும் கட்டணமும் என் கண்முன் வந்து நின்றன. அந்த நாரைகளும் வந்தன. அவர் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம் என்றும் தெரியும். சொல்லிவிட்டால் இந்த மூன்று பேரையும் பார்க்கிற கண்ணால்தான் அவரையும் பார்ப்பேன் என்பதும் தெரியும். காபி டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“தப்பு இல்ல மச்சான்” என்றார் என் வீட்டுக்காரர். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். “தண்ணி ஏறிச்சின்னா திரும்பவும் அறுப்பேன். யாரையும் கேக்க மாட்டேன்.”

நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு வெளியே போனார். மூன்று பேரும் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள், நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று. நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன்.